புடின்னா விடணும்

சத்யா, நீ தூங்கியிருப்பாய். பரவாயில்லை, காலையில் பார். எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவும் அக்கம்பக்கமும் கல்யாண அலுப்பில் தூங்கிவிட்டார்கள். அப்பா மட்டும் படுக்கவில்லை. வெளியே குதிரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டேதான் உனக்கு எழுதுகிறேன்.

கல்கண்டை உனக்குத் தெரியும். போன தையில் அப்பா வாங்கி வந்த வெள்ளைப் பெட்டைக் குதிரை. நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்டில் டிப்பர் ஓட்டுகிற ஆளுக்குக் குதிரை எதற்கு என்று தெருவே கேட்டது. "பர்மனென்ட் ஆவுறதுக்குக் காத்துக்கினு இருந்தா எம் பேரன்தான் ஆவான். இது மாப்ள ஊர்வலத்துக்குப் போவும். நாலு கல்யாணம் கெடச்சாப் போதும்" என்றார்.

முதல் கல்யாணம் காடாம்புலியூரில். ஊர்வலம் பாதித் தெரு போனதும் யாரோ சரவெடி கொளுத்தினார்கள். கல்கண்டு எகிறி ஓடி, ஒரு வீட்டு வாசலில் தார்ப்பாய் விரித்து முந்திரிக்கொட்டை காயவைத்திருந்தார்களே, அதன் மேல் மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டது. அடி ஒன்றும் படவில்லை. ஆனால் அன்றிலிருந்து டீக்கடையில் அப்பா தலையைக் கண்டாலே, "இன்னா பாலகுமாரு, அடுத்த மாப்ளய எங்க காயப்போடப் போற?" என்று ஒரு சிரிப்பு.

அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. அப்பா, வேண்டாத மாடு, குதிரையெல்லாம் வாங்கிப்போகும் புரோக்கர் சிங்காரவேலுக்குப் போன் போட்டார். அவர் ஏற்றிக்கொண்டு போகிற குதிரைகள் எங்கே போகின்றன என்று அம்மாவிடம் கேட்டேன். "அதெல்லாம் கேக்காதடி" என்றாள். அந்தப் பதிலே போதுமாக இருந்தது.

"வைகாசியில சிவசங்கர் கல்யாணம் வருது. அதுல ஒழுங்கா நடந்தா இருக்கட்டும். இல்லன்னா மறுநாளே வண்டியேத்திடுவேன்" என்றார் அப்பா. சிவசங்கர் என் சித்தப்பா. அவர் கல்யாணம்தான் கல்கண்டுக்குக் கடைசி வாய்ப்பு என்று ஆகிவிட்டது. நான் ஏதாவது செய்தே தீருவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

உங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் ஷிஃப்ட் சங்கு மட்டும்தான் கேட்கும். எங்கள் ஊர் மைன்ஸ் ஓரம். மதியம் பாறைக்கு வெடி வைப்பதற்கு முன்னால் வேறொரு சங்கு ஊதும். அது ஊதியதும் தெரு முழுக்க ஒரே குரல்: "புடி! புடி!" யாராவது உள்ளே ஓடி அலமாரித் தட்டில் இருக்கிற டம்ளரையும் சாமி படத்தையும் பிடித்துக்கொள்ள வேண்டும். தரை குலுங்கும். நின்றதும் விடுவோம். நான் நடை பழகும்போதே இதையும் பழகியிருப்பேன்.

அந்த நேரத்தில் கல்கண்டுக்குக் கழுத்தெல்லாம் வியர்க்கும். கண்ணில் வெள்ளை தெரியும். அப்பா வீட்டில் இருந்தால் ஓடிப்போய்த் தலைக்கயிற்றை மூக்குக்குக் கீழே சுருட்டி இறுக்குவார். "புடி, அந்தாண்ட புடி!" என்று என்னையும் கூப்பிடுவார். நாங்கள் இறுக்க இறுக்க அது துள்ளும். சத்தத்துக்குத்தான் பயம் என்று எல்லாரும் நினைத்தோம். நான் அதன் காதில் பஞ்சு வைத்துப் பார்த்தேன். உதறிவிட்டுப் பஞ்சையே தின்னப் பார்த்தது. போனில் மேளச் சத்தம் போட்டுக் காட்டினேன். கல்கண்டு நின்றபடியே தூங்கிவிட்டது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்தது ஒரு பலாப்பழத்தால்தான்.

வீட்டில் எல்லாரும் கல்யாணத் துணி எடுக்கப் பண்ருட்டி போயிருந்தார்கள். நான் குதிரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழம் உரித்துக்கொண்டிருந்தேன். எண்ணெய் தடவிக்கொள்ள மறந்ததால் கையெல்லாம் பலாப்பால். அப்போது சங்கு ஊதியது. தெருவில் எல்லாரும் முந்திரி பொறுக்கப் போயிருந்ததால் ஒரு குரலும் எழவில்லை. பிசுக்குக் கையோடு எதைப் பிடிப்பது? அப்படியே உட்கார்ந்திருந்தேன். கல்கண்டு காதைத் தூக்கிச் சங்கு வந்த பக்கம் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது. தரை குலுங்கியது. உள்ளே டம்ளர்கள் உருண்டன. கல்கண்டு மூக்கால் ஒரு பெருமூச்சு விட்டு, திரும்பவும் வைக்கோலில் வாயை வைத்தது.

நான் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறேன், அப்போதுதான் முந்திரிக்காட்டிலிருந்து திரும்பிய பக்கத்து வீட்டு மாணிக்கம்மாள் பெரியம்மா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏண்டி பிரியா, டம்ளர புடிச்சியா? புடி, புடி!" என்று கத்தினாள். வெடி அடங்கி எவ்வளவோ நேரம் ஆகிவிட்டது. ஆனால் அதைக் கேட்டதும் கல்கண்டு துள்ளி வாளியை உதைத்துத் தள்ளியது.

வெடி இல்லை சத்யா. 'புடி'தான். அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரோ ஓடுகிறார்கள், யாரோ மூச்சை அடக்குகிறார்கள், யாரோ வந்து அதன் மூக்கை இறுக்குகிறார்கள். காடாம்புலியூரிலும் சரவெடி வெடித்ததும் ஊரே "குதிரைய புடி, புடி" என்றுதான் கத்தியிருக்கும்.

சொல்லை மாற்ற முடியாது. ஊர்வாயை யார் கட்டுவது? அதனால் குதிரைக்கு அந்தச் சொல்லின் அர்த்தத்தை மாற்றுவது என்று தொடங்கினேன்.

கயிற்றைத் தளரவிட்டு, தள்ளி நின்று, ரகசியம் சொல்வதுபோல் "புடி" என்பேன். கல்கண்டின் கழுத்து விறைக்கும். நான் ஒன்றும் செய்யமாட்டேன். மூச்சை மட்டும் நீளமாக விடுவேன். காத்திருப்பேன். சில நாள் எனக்குக் கால் மரத்துப்போகும் அளவுக்குக் காத்திருந்தேன். எப்போதாவது அதன் தலை கொஞ்சம் இறங்கும், நாக்கால் உதட்டை நக்கும். உடனே ஒரு பலாச்சுளை. அவ்வளவுதான் பாடம்.

கஷ்டம் குதிரையிடம் இல்லை. "புடி" என்று என் வாய் சொன்னதும் என் கை தானாக மூடிக்கொண்டது. பிறந்ததிலிருந்து பழகிய கை. மூடியதைக் கல்கண்டு கயிற்றின் வழியாகவே கண்டுபிடித்துவிடும். அதனால் பஸ்ஸில், பாத்ரூமில், படுக்கையில் எல்லாம் எனக்கு நானே "புடி" என்று சொல்லிச் சொல்லி விரலைத் திறந்து பழகினேன். தூக்கத்தில் சொன்னேன் போல. "இன்னாத்தடி புடிக்கச் சொல்ற?" என்று அம்மா எழுப்பினாள்.

ஒரு நாள் அப்பா ஷிஃப்ட் முடிந்து சீக்கிரம் வந்துவிட்டார். "இன்னாடி, கயித்த தொளதொளன்னு வுட்டுட்டு நிக்கிற? ஒதச்சா இன்னா ஆவும்?" என்று வந்து இறுக்கினார். கல்கண்டு பின்னங்காலில் நின்றது. நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததெல்லாம் போனது. அழுதுவிட்டு மறுநாள் முதலிலிருந்து தொடங்கினேன். அப்பாவிடம் விளக்கம் சொல்லப் பயம். அவர் டியூட்டிக்குப் போனதும்தான் பாடம்.

கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தத்தைக் கூட்டினேன். பிறகு சங்கு ஊதும் நேரத்தில் செய்தேன். போன வாரம் தெருவே "புடி" என்று அலறியபோது கல்கண்டு தலையைத் தாழ்த்தி, கீழுதடு தொங்க, ஒரு பின்காலை மடக்கி, தூங்கப் போவதுபோல் நின்றது. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை.

இன்று சாயங்காலம் ஊர்வலம். தலைக்கயிற்றை நான் பிடிக்கிறேன் என்றேன். "பொட்டப்புள்ள குதிரைய இட்டுக்கினு போறதா? போயி ஆரத்தித் தட்ட எடு" என்றார் அப்பா. மேலே உட்கார்ந்திருந்த சித்தப்பாதான், "அண்ணே, பிரியாதான் தெனம் அதுகூட கெடக்குது. அது புடிச்சா இருக்கறேன், இல்லன்னா நடந்தே வரேன். எனக்கு முந்திரியில காய ஆச இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. ஆனால் கயிறு என் கைக்கு வந்தது.

கூட்டத்தில் சிங்காரவேல் இருந்தார். பத்திரிகை வைத்துக் கூப்பிட்டதற்கு வந்தாராம். அவருடைய மினி லாரி பள்ளிக்கூடத்துப் பக்கம் நின்றதை நான் பார்த்தேன்.

அம்மன் கோயில் திருப்பத்தில் சரவெடியைக் கொளுத்திவிட்டார்கள். நான் நினைத்ததைவிடப் பக்கத்தில். ஊரே கத்தியது: "புடி! புடி! பாப்பா, புடி!" கல்கண்டின் தலை வானத்துக்குப் போனது. முன்னங்கால் தரையை விட்டது. சித்தப்பாவின் தலைப்பாகை என் தோளில் விழுந்தது. ஏன் இப்படி, எல்லாம் சொல்லிக்கொடுத்தேனே என்று குனிந்து பார்த்தால், என் கை. கயிற்றை இறுக்கி மூடியிருக்கிறது.

அப்பா பாய்ந்து வந்தார். "கயித்த இறுக்கிப் புடிடீ!"

"அப்பா, வுடு!"

அவரைப் பார்த்து நான் அப்படிக் கத்தியதே இல்லை. அவர் நின்றுவிட்டார். நான் விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பயத்தில் பல் அடித்துக்கொண்டது. இருந்தாலும் திறந்தேன். மூச்சை விட்டேன். "புடி" என்றேன், எப்போதும் சொல்கிற குரலில். ஒரு காது என் பக்கம் திரும்பியது. கூட்டம் இன்னும் "புடி, புடி" என்றுதான் அலறியது. கல்கண்டு தலையை இறக்கி, என் உள்ளங்கையை மோந்து, எங்கே பலாச்சுளை என்று தேடியது. அவர்கள் கத்தக் கத்த இன்னும் கொஞ்சம் இறங்கியது. சரம் முழுக்க வெடித்து முடியும்வரை என் கையை நக்கிக்கொண்டு நின்றது.

"இன்னாப்பா இது, செவுட்டுக் குதிரையா?" என்றார் சிங்காரவேல்.

"செவுடு இல்ல மாமா, சொன்ன பேச்சு கேக்குது. என் தலப்பாவ எடுத்துக் குடுங்க" என்றார் சித்தப்பா. மேளம் மறுபடி தொடங்கியது.

ஆனால் அப்பா அதற்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஊர் முன்னால் அவரைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். சிங்காரவேல், "இன்னா பாலகுமாரு, ஏத்திடலாமா?" என்று கேட்டதற்கு, "காலையில சொல்றேன்" என்று மட்டும் சொன்னார். லாரி இன்னும் பள்ளிக்கூடத்துப் பக்கம்தான் நிற்கிறது. அதனால்தான் தூக்கம் வரவில்லை.

இரு சத்யா. அப்பா ஏதோ சொல்கிறார். என்னிடம் இல்லை, குதிரையிடம்.

"புடி" என்கிறார். மெதுவாகத்தான். கல்கண்டு தலையை இறக்கப் போய், பாதியில் நிறுத்திவிட்டது. அப்பா தன் கையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்க்கிறார். இறுக்கி மூடியிருக்கிறது. திறக்கிறார். திரும்பச் சொல்கிறார். திரும்ப மூடிக்கொள்கிறது.

"பிரியா." நான் முழித்திருப்பது தெரிந்திருக்கிறது. "இதுக்கு இன்னாடி குடுப்ப?"

"பலாச்சொளப்பா."

"எடுத்துக்கினு வா. அந்தக் கைய எப்புடித் தொறக்கறதுன்னும் வந்து சொல்லு."

போய்விட்டு இப்போதுதான் வந்தேன். அவருக்கு இன்னும் வரவில்லை, நாலைந்து நாள் ஆகும். சிங்காரவேலுக்குப் போன் போட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். அந்த ஆள் தூக்கக் கலக்கத்தில் திட்டியது எனக்கே கேட்டது.

அடுத்த ஊர்வலம் எங்கேயோ, எவ்வளவு பக்கத்தில் வெடிப்பார்களோ. நாளை மதியம் சங்கு ஊதும்போது அம்மாவையும் அலமாரிப் பக்கம் போக விடமாட்டேன். டம்ளர் விழுந்தால் விழட்டும்.