கர்னல் வீட்டுக் குப்பை

எங்கோ ஓர் ஊர் ரயில் நிலையத்தில், குப்பைத் தொட்டிக்குள் குண்டு வைத்து ஆறு பேரைக் கொன்றுவிட்டார்கள். செய்தது யார் என்று அரசுக்குத் தெரியவில்லை. எதில் வைத்தார்கள் என்பது தெரிந்துவிட்டதே, அது போதாதா? நாட்டில் இருந்த குப்பைத் தொட்டிகளையெல்லாம் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் தெருமுனைத் தொட்டியைக் கொண்டுபோக வந்தபோது, துப்பாக்கியோடு நான்கு பேர் காவலுக்கு நின்றார்கள். தொட்டி தப்பி ஓட முயலவில்லை.

தொட்டி போனதே தவிர, குப்பை போகவில்லை. அவரவர் குப்பையை அடுத்தவர் வாசலில் வைத்தோம். அடுத்தவர் அதை அதற்கடுத்த வாசலுக்குத் தள்ளினார். கொஞ்ச நாளில் எங்கள் தெரு எலிகள், பூனைகளை ஓரமாகப் போகச் சொல்ல ஆரம்பித்தன. ஈக்கள் கோழிக்குஞ்சு அளவுக்கு வளர்ந்துவிட்டன. இப்படிச் சொன்னால் என் மனைவி முறைப்பாள். சரி, சின்னக் கோழிக்குஞ்சு. நகராட்சிக்குப் போன் செய்தால், பாட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். ஓய்வு பெற்ற எனக்கு நேரத்துக்கா பஞ்சம்? அந்தப் பாட்டு மனப்பாடமாகிவிட்டது.

இதற்கு வழி கண்டவர் கர்னல். ராணுவ முகாமின் வாசலைக்கூட மிதிக்காதவர். உரக் கம்பெனியில் கணக்கு எழுதியவர். மீசை மட்டும்தான் ராணுவம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். சந்தேகப் பொருளைக் கண்டால் கூப்பிடச் சொல்லி, சுவரெல்லாம் ஓர் எண்ணை ஒட்டியிருந்தார்கள் அல்லவா? ஒரு நாள் அந்த எண்ணுக்குப் போன் போட்டார்.

"வாசல்ல ஒரு பை கெடக்கு. யாரோடதுன்னு தெரியல. எனக்கென்னமோ வயித்தக் கலக்குது."

பத்தே நிமிடத்தில் வெடிகுண்டு நிபுணர்கள் வந்து இறங்கினார்கள். நிலாவுக்குப் போகிறவர்களைப் போல உடுப்பு, கூடவே ஒரு நாய், தானாக ஊரும் ஒரு பொம்மை வண்டி. பையைப் பச்சைப் பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு போனார்கள். உள்ளே இருந்தது கர்னல் வீட்டு வெங்காயத் தோல்.

தெருவே பூரித்துப்போனது. நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்துக்கொண்டார்கள். என் மனைவி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "நம்ம குப்பைய எடுக்க நாலு பேரு உசுரக் கையில புடிச்சிக்கிட்டு வரணுமா? தூ!" என்றாள். எங்கள் குப்பையை அவள் கிரீச்சிடம் கொடுத்தாள்.

கிரீச் என்பவர் பழைய சாமான் எடுக்கிறவர். அவருடைய தள்ளுவண்டிச் சக்கரம் போடுகிற கூச்சல்தான் அவருக்குப் பெயராகிவிட்டது. பல வருஷமாக வருகிறவர். அவரிடம் பேரம் பேசாத வாய் எங்கள் தெருவில் கிடையாது.

அன்றைக்குக் கர்னலின் முறை. மறுபடியும் தன் வாசலிலேயே பை கிடந்தால் கௌரவம் என்னாவது? பையைக் கொண்டுவந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டு, போன் செய்தார். நிபுணர்களுக்கு முன்னால் கிரீச் வந்துவிட்டார். பையிலிருந்து ஒரு ஒயர் எட்டிப் பார்த்தது. செம்பைக் கண்டால் விடுவாரா? குனிந்து தூக்கினார். அடுத்த நொடி நான்கு பேர் அவர் முதுகில் இருந்தார்கள். ஒருவன் பூட்ஸ் காலால் அவர் தலையைக் காதோடு சேர்த்து மிதித்தான். பையை ஒரு கருவியால் படம் பிடித்துப் பார்த்தார்கள்: கடிகாரம், ஒயர், பேட்டரி.

"அவரு பழைய சாமான் எடுக்கறவருங்க!" என்று நான் கத்தினேன்.

"பெரியவரே, உள்ள போங்க" என்று என்னைக் கேட்டுக்குள் தள்ளிப் பூட்டினார்கள்.

தரையில் கிடந்தபடியே கிரீச் கர்னலைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க சார், நான் யாருன்னு."

பொய்யாகக் கூப்பிட்டால் ஜெயில் என்று அந்தச் சுவரொட்டியிலேயே போட்டிருந்தது. கர்னல் மீசையைத் தடவினார். "அடிக்கடி இந்தப் பக்கம் நடமாடறதப் பாத்திருக்கேன்" என்றார்.

படபடவென்று ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. அதுவரை திறந்து வைத்து வேடிக்கை பார்த்த ஜன்னல்கள்தான்.

மாலையில் டிவியில் மாபெரும் சதி முறியடிக்கப்பட்டது. விழிப்போடு இருந்த மக்களுக்கு அமைச்சர் நன்றி சொன்னார். "அந்தாள் கண்ணுல ஒரு வெறி தெரிஞ்சுது" என்று கர்னல் பேட்டி கொடுத்தார்.

என் மனைவி டிவியை அணைத்தாள். "இங்க பாருங்க. அந்த மனுஷன் வெளிய வர்ற வரைக்கும் இந்த வீட்ல உங்களுக்கு டீ கெடையாது."

அதனால் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தேன்.

"பையத் தொறந்து பாருங்க இன்ஸ்பெக்டர். உள்ள இருக்கறது வெறும் குப்பை."

"சீல் வெச்ச பொருள், பெரியவரே. தலைநகரத்துலேருந்து நிபுணர் வந்துதான் தொறக்கணும்."

"அவரு எப்ப வருவாரு?"

"நாடு பூரா அவருக்குப் பை இருக்கு."

பை வைத்ததற்கு முந்தின நாள் கர்னல் வீட்டில் மீன். குடல், செதில், தலை எல்லாம் அந்தப் பைக்குள்தான் இருந்தன. முதலில் இன்ஸ்பெக்டர் மூக்கில் கைக்குட்டை கட்டினார். பிறகு மேஜை வராந்தாவுக்கு வந்தது; பிறகு மரத்தடிக்கு. புகார் கொடுக்க வந்தவர்கள் வாசலிலேயே சமாதானமாகித் திரும்பினார்கள். லாக்கப்பில் இருந்த ஒரு திருடன், செய்யாத கொலைகளையெல்லாம் ஒத்துக்கொண்டு, தன்னைப் பெரிய ஜெயிலுக்கு அனுப்பும்படி கெஞ்சினான். எனக்கு ஏகக் கொண்டாட்டம்.

கிரீச்சைப் பார்க்கும் வரைதான். ஒரு காது வீங்கி, காய்ந்த ரத்தத்தோடு இருந்தது.

"வண்டிய யாராச்சும் எடுத்து வெச்சாங்களா சார்?"

"எங்க வீட்லதான் நிக்குது. நீங்க கவலப்படாதீங்க."

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க சார். அந்தக் காதுல ஒரே வண்டு எரைச்சல்."

ஒருவழியாக நிபுணர் வந்தார். மரத்தடியில், எல்லோரும் தள்ளி நிற்க, பையை அறுத்தார். உள்ளே புழுக்கள் நெளிந்தன. அவர் இடுக்கியால் கடிகாரத்தைத் தூக்கித் துடைத்தார். முள்ளுக்குப் பின்னால் ஒரு போட்டோ. அறுபதாவது பிறந்தநாளுக்கு யாரோ கொடுத்த பரிசு. மீசையில் மீன் செதில் ஒட்டியிருக்க, கர்னல் எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது டிவியில வந்த ஆளு இல்ல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவர் மேலதிகாரிக்குப் போன் செய்தார். மேலதிகாரி அவருக்கும் மேலே பேசினார். அமைச்சர் பாராட்டிய பிறகு சதி பொய்யாகலாமா? மறுநாள் அறிவிப்பு வந்தது: நடந்ததெல்லாம் பாதுகாப்பு ஒத்திகையாம். விழா எடுத்தார்கள். கர்னலுக்கு விழிப்பான குடிமகன் கேடயம். கிரீச்சுக்கு, பயங்கரவாதியாகச் சிறப்பாக நடித்ததற்கு ஒரு சான்றிதழ். தெருவே எழுந்து நின்று கைதட்டியது. நானும் என் மனைவியும் எழுந்திருக்கவில்லை.

குப்பைத் தொட்டிகள் மட்டும் திரும்பி வரவில்லை. எங்கள் தெருவிலிருந்து போன் வந்தால் இப்போது யாரும் எடுப்பதில்லை. ஆகவே, கிரீச்சின் வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் பைகளோடு வாசலுக்கு ஓடி வந்தார்கள்.

முதல் வாசல் எங்களுடையது. கிரீச் தள்ளியே நின்றார். "தொறந்து காட்டுங்கக்கா" என்றார்.

என் மனைவி மறுபேச்சு இல்லாமல் திறந்து காட்டினாள். எட்டிப் பார்த்துவிட்டு வாங்கி வண்டியில் போட்டார்.

அடுத்தது கர்னல். நாலு நாள் குப்பை, பை கசிந்துகொண்டிருந்தது.

"தொறங்க சார்."

"டேய், என்னையத் தெரியாதா ஒனக்கு?"

"அடிக்கடி இந்தப் பக்கம் நடமாடறதப் பாத்திருக்கேன்" என்றார் கிரீச். "உள்ள என்ன இருக்கு?"

கர்னல் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ஏதோ முணுமுணுத்தார்.

"இந்தக் காது போயிருச்சு சார். சத்தமாச் சொல்லுங்க."

"மீன் குடல்!" என்று கர்னல் கத்தினார். சாத்தியிருந்த ஜன்னல்கள் திறந்தன.

"அப்புறம்?"

"பேரப் பிள்ளையோட... டயப்பரு!"

"ஒவ்வொண்ணா எடுத்து வெளிய வைங்க. ஒயர் கியர் இருக்கான்னு பாக்கணும்."

கர்னல் குனிந்தார். கையை முழங்கைவரை பைக்குள் விட்டார். வரிசையில் நின்றவர்கள் தங்கள் பைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார்கள். என் மனைவி எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றாள். அந்த நாற்றத்தில் ஒரு வாய்கூட இறங்கவில்லை. ஆனாலும் நாங்கள் இருவரும் உள்ளே போகவில்லை.