ஏழு இடத்தில் இயன்றவரை

வரைவின் மூன்றாம் பக்கத்தில் நடையக்கா பென்சிலால் ஏழு வட்டம் போட்டிருந்தார். ஏழும் ஒரே சொல்லைச் சுற்றி: இயன்றவரை. அந்தச் சொல் என்னுடையது. இருபத்திரண்டு வருடமாக அரசுக்காக ஒப்பந்தங்கள் எழுதுகிறேன். அவற்றில் ஒன்றுகூட அரசை எங்கேயும் மாட்டிவிட்டதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. "இயன்றவரை சார் சீட்டுல இருக்காரா?" என்று அலுவலகத்தில் யாரோ விசாரித்ததை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

நடையக்கா என்பது நோயாளிகள் வைத்த பெயர். பக்கவாதம் வந்து கைகால் விழுந்தவர்களை மறுபடி நடக்க வைக்கும் ஒரு சின்னத் தொண்டு நிறுவனம் அவருடையது. அரசு மருத்துவமனையின் தரைத்தளத்தில் ஓர் அறை, எப்போதோ ஒரு கண்காணிப்பாளர் வாயால் சொன்ன அனுமதி, அவ்வளவுதான் கையிருப்பு. ஒன்பது வருடம் அப்படியே ஓடிவிட்டது. போன வருடம் வந்த புதுக் கண்காணிப்பாளர், உடைந்த கட்டில்களைப் போட இடமில்லை என்று இவர்களுடைய சாமான்களை வராந்தாவுக்குத் தள்ளிவிட்டார். அறை திரும்பக் கிடைக்க நான்கு மாதம் ஆனது. அதற்குள் பதினோரு பேர் வராமலே நின்றுபோனார்கள். அதனால்தான் இந்தப் புரிந்துணர்வு ஒப்பந்தம். செயலாளர் வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போட வேண்டும். திங்கட்கிழமை அவருக்கு மாறுதல்.

"அறை இயன்றவரை ஒதுக்கப்படும்னா, மறுபடி கட்டில் வந்தா நாங்க வெளியதானே சார்?"

"அது வழக்கமா போடுற வார்த்தைம்மா."

"எங்க பக்கம் ஒண்ணுகூட காணோமே. நாங்க மட்டும் எல்லாத்தையும் கட்டாயம் செய்யணும்."

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார். "ஒருவாட்டி வந்து பாத்துட்டு எழுதுங்களேன்."

வீட்டில் சொன்னபோது மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். "நல்லவேளை, நம்ம கல்யாணப் பத்திரிகைய நீங்க எழுதல. இயன்றவரை சேர்ந்து வாழ்வோம்னு போட்டிருப்பீங்க." எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் காலை போனேன். இடுப்பளவில் இரண்டு கைப்பிடிக் கம்பிகள். நடுவே தரையில், ஓர் அடிக்கு ஒன்றாகச் சிவப்பு டேப் கோடுகள். கம்பிகளுக்கிடையே ஒருவர் நின்றிருந்தார்; முன்பு பேருந்து ஓட்டியவராம். இடதுகால் தரையோடு இழுத்தது. நடையக்கா அவரைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தார், தொடாமல், ஆனால் விழுந்தால் பிடிக்கிற தூரத்தில்.

"என்னால முடியலம்மா."

"முடிஞ்ச வரைக்கும் போதும்ண்ணே. நான் இங்கயேதான் இருப்பேன்."

மூன்றாவது கோட்டை அவர் தாண்டினார். ஒன்பது வருடம் இந்தப் பெண் பின்பக்கமாகவே நடந்திருக்கிறார். வாய் வார்த்தையை நம்பி, எத்தனையோ பேரை முன்னால் நடக்க வைத்திருக்கிறார். நான் எழுத்திலேயே நழுவிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

ஏழு இடத்திலும் அந்தச் சொல்லை அடித்தேன். 'ஒதுக்கும்', 'வழங்கும்', 'பழுதுபார்க்கும்' என்று நேராக எழுதினேன். துணைச் செயலாளர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்ன சார், உங்க வார்த்தையக் காணோம்? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க தலைதான் உருளும்."

"உருளட்டும் சார்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. அவர் ஒப்புதலும் போடவில்லை, மறுக்கவும் இல்லை. "செயலாளர்கிட்ட நீங்களே விளக்குங்க" என்று கோப்பைத் தள்ளிவிட்டார்.

வெள்ளிக்கிழமை செயலாளர் அறைக்கு வெளியே நடையக்கா புதுப் பிரதியைப் பென்சிலோடு புரட்டினார். கடைசிப் பக்கத்தில் கை நின்றது. பழைய வரைவில் 'நோயாளி தவறாமல் பயிற்சி செய்ய வேண்டும்' என்றிருந்த இடம் அது. இப்போது, 'நோயாளி தம்மால் இயன்றவரை நடப்பார்.' வட்டம் போடப் போனவர் இரண்டு முறை படித்தார். பிறகு பென்சிலைப் பைக்குள் போட்டார்.

உள்ளே மணி அடித்தது. எழுந்தேன், முழங்கால் நடுங்கியது. நடையக்கா கண்ணுக்கு அது தப்புமா? கதவை முதுகால் தள்ளித் திறந்து, என்னைப் பார்த்தபடியே ஓர் அடி பின்னால் வைத்தார்.

"வாங்க சார்."