நான்கு மணி நேர வகுப்பு

மார்லிஸ் ஹெக்ஸ்டாட் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். எங்கள் மாநில மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் உரிமைச் சங்கத்துக்காகச் சட்டசபைப் படியேறியது இருபத்தேழு வருஷம். சம்பளம் கிடையாது. முழங்கால் அறுவைக்குப் பிறகு நெடுந்தூரம் ஓட்ட முடியாமல் போனதால், கிளைச் செயலாளரான நான் என் பிக்கப் வண்டியில் அவளை அழைத்துப் போவேன். சபை கூடுவது ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அப்போது சாலையெல்லாம் பனி. பைக்குக்காகப் பேசப் போகும் எங்களைத் தலைநகரில் ஒருவரும் பைக்கில் பார்த்ததே இல்லை.

எதிரே வரும் பைக்கைக் கவனிக்காமல் குறுக்கே காரைத் திருப்பி ஆளைக் கொன்றுவிட்டால், சிக்னலைத் தாண்டியவனுக்குக் கொடுக்கிற அதே அபராதச் சீட்டுதான். "நான் பார்க்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். அப்படிப்பட்டவரின் லைசென்ஸை ஒரு வருஷம் முடக்க வேண்டும் என்பது எங்கள் மசோதா. ஆறு வருஷமாக அதைத் தள்ளிக்கொண்டிருந்தோம். கடைசி இரண்டு வருஷம் டெனீஸ் ப்ரூயிட் வந்து சட்டசபைக் குழு முன்னால் பேசினாள். அவள் கணவன் கர்ட் அப்படித்தான் செத்தான், வீட்டிலிருந்து இரண்டு மைல் தூரத்தில். இரண்டு தடவையும் உறுப்பினர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இரண்டு தடவையும் மசோதாவைக் கிடப்பில் போட்டார்கள்.

இந்த வருஷ விசாரணைக்குப் போகும் வழியில் காலை ஆறு மணிக்கு டெனீஸ் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். கதவைத் திறந்தவள் இரவு உடையிலேயே நின்றாள்.

"என்னடி, இன்னும் கிளம்பலையா?" என்றாள் மார்லிஸ்.

"நான் வரலை."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்தேன். கர்ட்டோட ஷூ ரோட்டுல தனியா கெடந்துச்சுன்னு சொல்லிட்டு, கரெக்டா நிறுத்தறேன். அங்க நிறுத்துனா அவங்க அழுவாங்கன்னு எனக்குத் தெரியுது. என்னைப் பாத்து எனக்கே அருவருப்பா இருந்துச்சு மார்லிஸ்."

பனிக்காற்று திறந்த கதவுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"உள்ள போ. குளிருது" என்றாள் மார்லிஸ்.

நாற்பது மைல் தாண்டினோம். பிறகு மார்லிஸே பேச்சை ஆரம்பித்தாள்.

"ஷூன்னு சொல்லிட்டு ஒரு மூச்சு விடுன்னு நான்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்."

"தெரியும். நானும் அங்கதான இருந்தேன்."

"அப்பவே ஏன்டா தடுக்கல?"

"நல்லா எடுபட்டுதே."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சட்டசபை வாசலில் காவலர் எம்மெட் மார்லிஸை வழக்கம்போல் வரவேற்றார். "இன்னும் உயிரோடதான் இருக்கியா நீ?"

"சட்டம் வர்ற வரைக்கும் சாகறதில்லன்னு பேச்சு."

"அப்ப நூறைத் தாண்டிடுவ, போ."

ஒன்பது மணி விசாரணை பதினொன்றே காலுக்குத்தான் தொடங்கியது. எங்களுக்கு முன்னால் வாத்து வேட்டைக்காரர்கள் ஒன்றரை மணி நேரம் பேசினார்கள். குழுத் தலைவர் ஆஸ்ட்ராண்டர் எங்கள் வரிசையைக் கண்ணால் துழாவினார்.

"அந்தம்மா வரலையா?"

"வரலைங்க" என்றாள் மார்லிஸ்.

"அவங்க பேசினா உறுப்பினர்கள் மனசுல நல்லாப் பதியும். அதான் கேட்டேன்."

மார்லிஸ் கையிலிருந்த தாளை மேஜையில் கவிழ்த்து வைத்தாள். "ரெண்டு வருஷம் சொன்னாங்க. நீங்களும் கேட்டீங்க. செத்தவர் இன்னும் செத்தவராத்தான் இருக்கார். மூணாவது தடவை கேட்டா உங்களுக்குப் புதுசா என்ன தெரியப்போவுது?"

மீதி நேரத்துக்குப் போன வருஷத்து விபத்துக் கணக்கை, பஸ்ஸில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்வது போல ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒருவருக்கு ஒதுக்கிய மூன்று நிமிஷம் முடிந்து மணி அடித்ததும் வாக்கியத்தின் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தாள்.

இடைவேளையில் ஆஸ்ட்ராண்டர் தாழ்வாரத்துக்கு வந்தார். "லைசென்ஸ் முடக்கம்னா ஓட்டு விழாது. இடிச்சவருக்கு நாலு மணி நேரப் பாதுகாப்பு வகுப்புன்னு மாத்திக்கிட்டா ஏழுல அஞ்சு ஓட்டு என் பொறுப்பு. பத்து நிமிஷத்துல முடிவைச் சொல்லுங்க."

அவர் போனதும் மார்லிஸ் கல் பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"நீ என்ன சொல்ற ரோலி?"

"ஒண்ணுமே இல்லாததுக்கு இது மேல்."

"இருபத்தேழு வருஷமா நான் எல்லார்கிட்டயும் சொல்ற வசனம் அது."

போனை எடுத்தாள். டெனீஸின் எண்ணைத் திரையில் கொண்டுவந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "வேணாம். காலையிலதான் அவ்வளவு பேசினா. இதையும் எதுக்கு அவ தலையில ஏத்தணும்?" போனைப் பைக்குள் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சம்மதம் சொன்னாள். ஐந்துக்கு இரண்டு. ஓட்டெடுப்பு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பின்வரிசையில் தோல் அங்கி போட்டு உட்கார்ந்திருந்த எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். மார்லிஸ் தட்டவில்லை.

சாயங்காலம் நாலரைக்கு மறுபடி டெனீஸ் வீடு. சமையலறையில் உட்கார வைத்து, மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் அடுக்கி ஓவனில் வேகவைத்ததைப் பரிமாறினாள். மார்லிஸ் கரண்டியைத் தொடாமல் நடந்ததைச் சொன்னாள்.

"நாலு மணி நேரமா?" என்றாள் டெனீஸ். "உக்காந்தா?"

"உக்காந்துதான்."

"காபி குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கன்னு நெனைக்கிறேன்."

டெனீஸ் சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே அழுகையாகிவிட்டது. தட்டுத் துடைக்கும் துணியால் முகத்தை அழுத்திக்கொண்டு, அடங்கும்வரை காத்திருந்தாள். "எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"பண்ணியிருக்கணும்."

"பண்ணியிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன்."

"தெரியும்" என்றாள் மார்லிஸ். "அதனாலதான் பண்ணல. உனக்குப் பாரமா இருக்கும்னு ரோலிகிட்ட சொன்னேன். அது பொய்."

நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

"அந்த ஷூவும் உன்னோடது" என்று தொடர்ந்தாள். "உன் வீட்டுத் துக்கத்தை எடுத்து எனக்கு வேண்டிய மாதிரி வெட்டித் தச்சுட்டேன். அப்படிச் செஞ்சிருக்கக் கூடாது."

டெனீஸ் துணியை மடித்து வைத்தாள். "எனக்குக் கோபம் போகலை" என்றாள் பிறகு. "போகும்னும் தோணலை. சாப்பிடு, ஆறிடப்போவுது."

மூவரும் சாப்பிட்டோம். டெனீஸ் எங்களை வாசல்வரை வந்து அனுப்பினாள். கட்டிப்பிடிக்கவில்லை.

சங்கத்தின் ஏப்ரல் கூட்டத்தில் மார்லிஸ் பொறுப்பிலிருந்து விலகுவதாகச் சொன்னாள். இதற்கு முன்னும் நாலைந்து தடவை சொல்லியிருக்கிறாள். அந்தப் பொறுப்பை ஏற்க யாரும் கை தூக்காவிட்டால், "சரி, இன்னும் ஒரு வருஷம்" என்பாள். அதற்காகவே எல்லோரும் காத்திருந்தோம். தலைவர் மூன்று முறை கேட்டார். ஒரு கையும் எழவில்லை, என் கையும்தான். மார்லிஸ் கோப்புப் பெட்டியை மேஜை நடுவில் வைத்தாள், கோட்டை மாட்டினாள், போய்விட்டாள். எங்களில் சிலருக்கு அவள் திரும்பி வருவாள் என்றே நினைப்பு. கால் மணி நேரம் கழித்துத்தான் கூட்டத்தைக் கலைத்தோம்.

ஜூன் மாதம் அந்தப் பெட்டியை நான் என் வீட்டுக்கு எடுத்துவந்தேன். ஜனவரியில் அவளுக்குப் பதிலாகத் தலைநகருக்குத் தனியாகக் கிளம்பும் முன் அவளுக்குப் போன் செய்தேன். காலை மணி ஏழு. தூக்கக் குரலில் எடுத்தாள்.

"தலைநகருக்கு முன்னாடி பாலத்துல பனிக்கட்டி இருக்கும், மெதுவாப் போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.