மயெனின் சுவர்

ருஷ்தாவுக்கு முதலில் மயென் மீதுதான் சந்தேகம். மெல்பனின் ஸ்பிரிங்வேலில், இலங்கையிலிருந்து வந்த அவளும் கணவன் ஷிஹாபும் நடத்தும் பலசரக்குக் கடையின் பின்சுவரில் நெடிய கறுப்பு இளைஞன் ஒருவன் ஏணி வைத்து ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தான்.

"இவன் சுவரப் பாக்கல்ல, கடைய நோட்டம் பாக்கிறான். பொலிசுக்கு அடிங்க."

ஷிஹாப் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தான். "அவன்ட உம்மாட முகமாம். அவ இந்தச் சுவரடியிலதான் வேலைக்கு பஸ் ஏறுறவவாம். நல்லா இரிக்கி, விடுங்க."

மயென் கென்யாவின் அகதி முகாமொன்றில் பிறந்த தென்சூடான் பிள்ளை. அவனைப் போன்ற பையன்களைப் பத்திரிகைகள் ரவுடிக் கும்பல் என்று எழுதிய காலத்தில், அவன் தன் சனங்களின் முகங்களை வீட்டுயரத்துக்கு வரைந்தான். மெல்பனில் அதற்கு முன் யாரும் அப்படி வரைந்ததில்லை. சில வருடங்களில் சுவரை விட்டுக் கன்வஸ் துணிக்கு மாறினான். பெரிய காட்சிக்கூடங்கள் கூப்பிட்டன. தாய் இறந்த பிறகும் அவ்வப்போது கடைக்கு வந்து, சுவரைப் பார்த்துவிட்டு, பேரீச்சம்பழம் வாங்கிப் போவான். ருஷ்தாவை "அன்ரி" என்பான்.

ஒருநாள் கோட் போட்ட ஒருவர் வந்தார். சுவரில் ஈரம் ஏறியிருக்கிறதாம். இடித்துப் புதிதாகக் கட்டித் தருவாராம், இலவசமாக.

"சும்மா ஆரும் சுவர் கட்டித் தருவானா?" என்று ஷிஹாபிடம் முணுமுணுத்துவிட்டு, ருஷ்தா மயெனுக்கு போன் எடுத்து வந்தவரின் பெயரைச் சொன்னாள்.

"என் படங்களை விற்பவர் அவர்," என்றான் மயென். "சுவரைப் படத்தோடு வெட்டியெடுத்து விற்கப் பார்க்கிறார். என்னிடம் எதுவுமே சொல்லவில்லை."

சனிக்கிழமை நண்பகல், சந்தைக் கூட்டத்துக்கு நடுவே, வெள்ளைப் பெயின்ட் வாளியோடு வந்தான்.

"ஏன் அழிக்கப் போறீங்க? நாங்க சுவரக் குடுக்கமாட்டோம்," என்றாள் ருஷ்தா ஆங்கிலத்தில்.

"கொடுக்கமாட்டீர்கள் என்று நான் எப்படி நம்புவது, அன்ரி?"

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. தகவல் சொன்னவளே அவள்தானே! மயென் ஏணியில் ஏறி, தாயின் முகத்தை நாடியிலிருந்து பூசத் தொடங்கினான். கண்களுக்கு வந்ததும் கை நின்றது. இறங்கி நிலத்தில் உட்கார்ந்து அழுதான். பிறகு ஏறி, மீதியையும் பூசினான்.

மறுநாள் அவன் அழும் படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. அவனுடைய கன்வஸ்களின் விலை ஏறிவிட்டதாகத் தொலைக்காட்சியில் அந்தக் கோட்டுக்காரர் சிரித்தார்.

"ரெண்டு பேரும் சேந்து செஞ்ச வேலையோ?" என்றாள் ருஷ்தா.

"அவன் அழுதத நீங்க கண்டதானே?"

"ஓம், கண்டன். அழுக பொய்யில்ல. கமெராக்காரன் எப்பிடி வந்த?"

பல வாரங்கள் கழித்து மயென் கடைக்கு வந்தபோது கமெராக்காரனைப் பற்றி நேராகவே கேட்டுவிட்டாள்.

"நான் கூப்பிடவில்லை, அன்ரி. ஆனால் அவர்களைக் கண்டபோது போகச் சொல்லவும் இல்லை."

அதை அவள் நம்பினாள். அவன் அழித்தது சரியா பிழையா என்பது மட்டும் அவளுக்கு விளங்கவில்லை.

"உங்கட உம்மாட பேர் என்ன?" என்று கேட்டாள். இத்தனை வருடமாகக் கேட்டதேயில்லை.

"அச்சோல்," என்றான் மயென்.