வெட்டப்பட்ட நான்கு அடிகள்

லத்தீன் வகுப்பில் அன்று யாரைக் கேட்பது என்று பார்க்க மதர் இல்டெகார்தா கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார். எண்பத்தாறாம் பக்கம். எட்டும் ஆறும் பதினான்கு. வருகைப் பதிவேட்டில் பதினான்காவது பெயர் ஒர்ஸோலா.

“இன்னைக்கு உன் தலைதான்டி,” என்றாள் பக்கத்தில் இருந்த டெல்ஃபினா. “உனக்கென்ன, லத்தீன்லயே கனவு காணுறவ.”

ஒர்ஸோலா எழுந்தாள். தனக்கு லத்தீன் தெரியாது என்பது அந்தக் கன்னிமாடப் பள்ளியில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பாடக் கவிதைகளுக்கு அண்ணனின் பழைய புத்தகத்தில் இருந்த இத்தாலிய மொழிபெயர்ப்பை வரி விடாமல் மனப்பாடம் செய்துதான் வருடம் முழுக்கப் பத்துக்கு எட்டு வாங்கியிருந்தாள். பிடிபட்டால் அந்த எட்டுகள் எல்லாமே பொய்யாகிவிடும்.

மதர் லத்தீன் கவிதையைத் தட்டச்சு செய்த தாளை நீட்டினார். ஒர்ஸோலா தாளம் பிசகாமல் படித்தாள். காதில் விழுந்த ஓசை வாய்க்குப் பழகியிருந்தது. பிறகு பொருள் சொன்னாள். கப்பல் கயிறு அவிழ்ந்தது. கரையில் காதலி நின்றாள். காற்று ஆடையை இழுக்க, வெண்ணெய் போன்ற தோள் வெளியே தெரிந்தது. கடலே, என்னைத் திருப்பிக் கொண்டு வா.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“அந்தத் தோள் எங்க இருக்கு?” என்றார் மதர். “விரல் வச்சுக் காட்டு.”

ஒர்ஸோலாவின் விரல் தாளின் மேல் அலைந்தது.

“கிடைக்காது. தோள் வர்ற அந்த நாலு அடி உங்க வயசுக்கு வேண்டாம்னு தட்டச்சு பண்ணும்போது நான்தான் வெட்டினேன். இல்லாததைப் படிச்சிட்டே. இப்ப இருக்கறதைப் படி. ஒவ்வொரு சொல்லா, அர்த்தத்தோட.”

சிரிப்பு அடங்கிவிட்டது. டெல்ஃபினா குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கவிதையை நினைத்து எத்தனையோ முறை அழுதிருக்கிறோமே, அழுதது இந்த லத்தீனுக்கா, அண்ணன் புத்தகத்தின் இத்தாலியத்துக்கா என்று நினைக்கையில் ஒர்ஸோலாவுக்குக் குளிரெடுத்தது. கறுப்பு எழுத்துகள் சாத்திய கதவுகளாக வரிசையில் நின்றன. அவற்றில் ஒன்று மட்டும் அவள் வீட்டு இத்தாலியப் பேச்சிலும் அப்படியே இருக்கும் சொல்.

“கடல்,” என்றாள்.

“அது மீன் விக்கறவனுக்கும் தெரியும். அடுத்தது?”

விரல் நகர்ந்தது. தொட்ட இடத்தில் வியர்வை பட்டு எழுத்து கலங்கியிருந்தது. அடுத்த சொல்லை ஒர்ஸோலா முதன்முறையாகப் பார்த்தாள்.

“சொல்லு,” என்றார் மதர். “நான் காத்திருக்கேன்.”