வானதி அடைத்த மடை

பூதலூருக்குத் தெற்கே வானதி தனியாளாகச் சம்பா நட்டிருந்தாள். கணவன் சிங்கப்பூரில் வேலை பார்த்தான். கார்த்திகை மழை விட்ட நாலாம் நாள் பயிர் மஞ்சளடித்தது. உரக்கடைக்காரர், "சத்துக் குறைச்சல், யூரியா போடுங்க" என்றார். போட்டாள். ஒரே வாரத்தில் இலையோரமெல்லாம் வைக்கோலாய்க் காய்ந்தது.

வேளாண் உதவி அலுவலர் அபிநயா வந்து, ஓர் இலையைக் கத்தரித்துக் கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நிறுத்தினாள். சற்று நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல ஒரு வெள்ளை நூல் இறங்கியது.

"பாக்டீரியா இலைக்கருகல், அக்கா. யூரியா இதுக்குத் தீனி, நிறுத்துங்க. பசுஞ்சாணியைக் கரைச்சு வடிகட்டித் தெளிங்க. முக்கியமா, இந்தத் தண்ணி அடுத்த வயலுக்குப் போகக்கூடாது."

மருந்து கேட்டால் சாணி என்கிறாளே என்று வானதி விழித்தாள். அடுத்த வயல் துரைராசுவுடையது. வாய்க்கால் தண்ணீர் இவள் வயல் வழியாகத்தான் அவருக்குப் பாயும். சொல்லிவிட்டு அடைப்பதா, அடைத்துவிட்டுச் சொல்வதா? எதுவும் பிடிபடாமல் மண்வெட்டியை எடுத்து அவர் பக்க மடையை அடைத்தாள். தன் வயல் நீரை வடிகாலுக்கு வெட்டிவிட்டாள்.

மறுநாள் காலையில் துரைராசு வந்து நின்றார்.

"என்னம்மா, தண்ணிய மறிச்சிட்ட? நான் என்ன பண்ணேன்?"

"எம் பயிர்ல நோவுண்ணே. உங்களுக்குப் பரவக்கூடாதுன்னுதான்."

அவர் நம்பவில்லை. அவள் தம்ளர் கதையைச் சொன்னதும், தன் வயலில் ஓரம் வெளுத்த இலையொன்றைப் பறித்து வந்தார். தம்ளர் தண்ணீரில் நிறுத்தி இருவரும் குனிந்து பார்த்தார்கள். அதிலும் வெள்ளை இறங்கியது.

"உன் தண்ணியில வந்ததுதான் இது."

வானதிக்குச் சுருக்கென்றது. "விதைநெல்லு உங்ககிட்ட வாங்குனதுதானேண்ணே?"

அபிநயாவுக்குப் போன் போட்டார்கள்.

"விதையிலயும் வரலாம், தண்ணியிலயும் வரலாம், மழைக்காத்துலயும் வரலாம். யாருகிட்டேருந்து யாருக்குன்னு இப்பச் சொல்ல முடியாதுங்க."

"அப்ப யாரைத்தான் திட்டுறது?" என்றார் துரைராசு. மேல வாய்க்காலிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டார். இருவரும் சாணிக் கரைசல் தெளித்தார்கள்.

தை அறுப்பில் வானதிக்குப் பாதிதான் தேறியது. துரைராசு வயலில் அவள் வரப்பை ஒட்டிய பக்கம் நன்றாக விளைந்திருந்தது. அவள் தண்ணீர் கடைசியாக எட்டும் மறுகோடிதான் பதராகிப் போயிருந்தது. அறுவடை இயந்திரம் போனபிறகும் இருவரும் அந்த மறுகோடியையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.