எட்டாவது பாஸ்

"உள்ள போனதும் எதுவும் கேக்காத."

"தண்ணி கூடவாப்பா?"

"தண்ணி கேக்கலாம். வேற எதையும் கேக்காத. எங்க நிக்கச் சொன்னாலும் நில்லு. யாருக்குப் பந்து குடுக்கச் சொன்னாலும் குடு. சும்மா நச்சரிக்கிற பையன, 'தொல்லை'ன்னு நோட்டுல எழுதி வெச்சுக்குவாங்க."

"எந்த நோட்டுல?"

"ஒரு நோட்டு இருக்கும்டா. இறங்கு, நேரமாச்சு."

அப்போது எல்லிஸ் கார்சைடுக்கு எட்டு வயது. நாடே அறிந்த ஒரு பெரிய கால்பந்து கிளப்பின் பயிற்சி மைதானத்து வாசலில், மழையில் வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்த காருக்குள் நடந்த பேச்சு அது. அப்பா கிரஹாம் பிஸ்கட் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். வாரத்தில் மூன்று நாள், போக ஒன்றேகால் மணி நேரம், திரும்ப ஒன்றேகால் மணி நேரம் என்று பத்து வருடம் அவனை அங்கே கொண்டுபோய் விட்டார். தேடி வந்த பதவி உயர்வையும், மாலை ஷிப்ட் பார்க்க வேண்டியிருக்கும் என்பதால் வேண்டாமென்றார். இதையெல்லாம் அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அதுதான் சிக்கல். சொல்லிக் காட்டியிருந்தால் எல்லிஸ் ஒரு தடவையாவது அவரோடு சண்டை போட்டிருப்பான்.

இப்போது அவனுக்கு இருபத்தொரு வயது. அந்த நோட்டை இதுவரை கண்ணால் பார்த்ததில்லை. ஆனாலும் எதுவும் கேட்டதில்லை.

பெரிய கிளப்பில் அவன் வயதுப் பையன்களுக்கு ஆட இடம் கிடைப்பது அபூர்வம். ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு, ஆளை மட்டும் சின்ன ஊர்க் கிளப்புகளுக்கு இரவல் கொடுப்பார்கள், பக்கத்து வீட்டுக்கு ஏணி கொடுப்பதைப் போல. எல்லிஸ் நடுக்கள ஆட்டக்காரன். முதல் இரவலில் ஒரு மலையோரத்து ஊரில் அவனை வலது ஓரத்தில் தடுப்பு ஆட்டம் ஆட விட்டார்கள். நான்கு ஆட்டம்; மற்ற நாளெல்லாம் பெஞ்ச். இரண்டாவது மார்டன்வேல், முழுதாக ஒரு வருடம், நீலச் சட்டை. இடதுபக்கம் மின்னலாக ஓடும் ஜாரட்டுக்குப் பந்து போடுவதுதான் உன் வேலை என்றார்கள் அங்கே. ஜாரட் அடித்த கோல்களில் ஏழு, எல்லிஸ் போட்ட பாஸில் வந்தவை. மூன்றாவது இந்த ஹார்ல்ஸ்பி. கிழக்குக் கடலோரம், மஞ்சள் சட்டை. வந்த முதல் நாளே கோச் ப்ரூயட் அவனை மைதானத்தின் நட்டநடுவுக்குக் கூட்டிப்போய், "இங்க நில்லு. இங்கேருந்து நகந்த, கொன்னுடுவேன்" என்றார். சின்ன வயதிலிருந்து அவனுக்குப் பிடித்த இடம் அது. யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று வருடத்தில் மூன்று ஊர் ஆனதில் அவனுக்குத் திசை குழம்பிப்போயிருந்தது. காலையில் கண் விழித்ததும் இது எந்த ஊர் என்று பிடிபடச் சற்று நேரம் ஆகும். குளியலறைக்குப் போவதாக நினைத்துப் போய்த் துணி அலமாரியில் இடித்துக்கொள்வான். சாவிக்கொத்தில் மூன்று வீட்டுச் சாவிகள். எது எதற்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒருநாள் பயிற்சி முடிந்து, காரின் வழிகாட்டியில் 'வீடு' என்பதை அழுத்திவிட்டுக் கிளம்பினான். முக்கால் மணி நேரம் ஓட்டிய பிறகுதான் அது மார்டன்வேல் சாலை என்று உறைத்தது.

ஹார்ல்ஸ்பியில் அவன் தங்கியிருந்தது கேரல் பிளான்சர்டு வீட்டு மாடியறையில். கிளப் ஏற்பாடு. கேரல் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். எல்லாரும் அவளுக்குக் 'கண்ணு'தான். மகள் டெஸ் ஒன்பதாம் நம்பர் பஸ் ஓட்டுகிறாள். பயிற்சி இல்லாத நாட்களில் என்ன செய்வதென்று தெரியாமல் எல்லிஸ் அந்தப் பஸ்ஸில் ஏறிவிடுவான்.

"துரைக்கு எங்க இறங்கணும்?"

"தெரியல."

"தெரியலங்கிற ஸ்டாப்பு இந்த ரூட்ல கிடையாது. டிக்கெட் எடு, முன்னாடி உக்காரு, வழிய மறைக்காத."

துறைமுகத்திலிருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரியிலிருந்து துறைமுகம். அந்த முன் இருக்கை அக்டோபரிலேயே அவனுடையதாகிவிட்டது. நவம்பரில் ஒருநாள், கடைசி நிறுத்தத்தில் வண்டி காலியாக நின்ற ஏழு நிமிடத்தில், டெஸ் தன் சாண்ட்விச்சில் பாதியை அவனிடம் நீட்டினாள். அவன் வாங்குவதற்குள் குனிந்து அவன் கன்னத்தில் முத்தமிட்டாள். "நேரமாச்சு" என்று வண்டியைக் கிளப்பினாள். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும் என்று எல்லிஸுக்குத் தோன்றியபோது வண்டி மூன்று நிறுத்தம் தாண்டியிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஹார்ல்ஸ்பி மைதானத்திலேயே ஆட்டம். எதிரே மார்டன்வேல். முதல்நாள் தின்ற வான்கோழி செரிக்காத ஆறாயிரம் பேர் மைதானத்தில். கிரஹாமும் வந்திருந்தார்.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது ஆளுக்கொரு கோல். எல்லிஸிடம் பந்து வந்தது. தன் கோல் பக்கம் திரும்பி நின்றிருந்தான். பின்னால் இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு வந்தார்கள். கோல்கீப்பரிடம் தட்டிவிட்டால் போதும். அப்போது இடது ஓரக்கண்ணில் ஒரு நீலம் பாய்ந்தது. அந்த ஓட்டம் அவனுக்குத் தெரியும். முதல் மூன்று எட்டு குட்டையாக, நான்காவது நீளமாக. ஒரு வருடம் முழுக்க அந்த நான்காவது எட்டுக்காகக் காத்திருந்த கால் அவனுடையது. மூளைக்கு முன்னால் கால் முந்திக்கொண்டது. திரும்பிக்கூடப் பார்க்காமல், இரண்டு மஞ்சள் சட்டைகளுக்கு நடுவே நூல் கோத்ததைப் போலப் பந்தை அனுப்பினான்.

ஜாரட்டும் யோசிக்கவில்லை. பழக்கதோஷம், அடித்தான். கோல். அதே பழக்கதோஷத்தில், பாஸ் போட்டவனைப் பார்த்து விரல் நீட்டி நன்றி சொன்னான். எல்லிஸும் அதே பழக்கதோஷத்தில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

உயர்த்திய பிறகுதான் மைதானம் அமைதியாக இருந்தது காதில் விழுந்தது.

அந்தக் கட்டைவிரல் அன்று மாலைக்குள் நாட்டில் எல்லார் கைப்பேசியிலும் இருந்தது. உடைமாற்றும் அறையில் கேப்டன் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "அவன் உனக்குக் கிறிஸ்துமஸ் பரிசு ஏதாச்சும் அனுப்பினானாடா?" என்று மட்டும் கேட்டான். யாரும் சிரிக்கவில்லை. வெளியே காரருகே அப்பா நின்றிருந்தார்.

"விடு. யாருகிட்டயும் எதுவும் பேசாத," என்றார். "எதுவும் கேக்காத. தானா அடங்கிடும்."

வீட்டில் கேரல் தட்டை அவன் முன் வைத்தாள். "பாஸ் நல்ல பாஸ்தான் கண்ணு. ஆளுதான் தப்பு."

டெஸ் சாஸ் பாட்டிலை அவன் பக்கம் தள்ளினாள். "எனக்கும் ஒரு கட்டைவிரல் காட்டு பாப்போம்."

புத்தாண்டு அன்று அடுத்த ஆட்டம். தன்னை எடுக்க மாட்டார்கள் என்று நினைத்தான், எடுத்தார்கள். முதல் தடவை பந்து அவன் காலுக்கு வந்ததும் கோலுக்குப் பின்னாலிருந்த கூட்டம் முழுக்க எழுந்து, தங்கள் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டிப் பாடியது: "மஞ்சள்டா நாங்க! மஞ்சள்டா!" அவனுக்கு உடம்பு கூசியது. இரண்டாவது தடவையும் அதே பாட்டு. மூன்றாவது தடவை ஓட்டத்தின் நடுவே அவனுக்கே சிரிப்பு வந்து, தன் சட்டையைப் பிடித்து இழுத்து, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினான். கூட்டம் ஆரவாரத்தில் அதிர்ந்தது. பிறகு அவன் போட்ட இரண்டு பாஸ்கள் கோலாயின, இம்முறை சரியான ஆட்களுக்கு. கடைசிக் கால் மணி நேரம் பாட்டு மாறியது: "கையெழுத்து வாங்கு, நம்மாளாக்கு!"

அதுதான் அவனை மேலும் குழப்பியது. தப்புச் செய்தவனை எதற்கு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்? நன்றாக ஆடிய மார்டன்வேலில் யாரும் இப்படிப் பாடவில்லையே?

மறுநாள் ப்ரூயட் அவனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் பாதி தின்ற பொரித்த பன்றியிறைச்சி பன்.

"உன் கிளப்புக்கு ரெண்டு தடவ போன் போட்டேன். உன்னை நிரந்தரமா எடுத்துக்கறோம்னேன். 'பையன் எதுவும் சொல்லலையே'ங்கிறாங்க. நான் கேட்டா வெலைய ஏத்துவாங்க. நீ வாயத் தொறந்து கேட்டா ஒருவேள விடுவாங்க. இந்த மாசத்தோட சரி, அப்புறம் யாரும் யாரையும் எடுக்க முடியாது. உனக்கு இங்க இருக்கணுமா, இல்லையா?"

"தெரியல கோச்."

"தெரியலயாம்!" என்று பன்னை எடுத்துக் கடித்தார் அவர். "போ. தெரிஞ்சதும் வா."

உண்மையிலேயே தெரியவில்லை. இந்த ஊர் பிடித்திருக்கிறதா, பெரிய கிளப் பயமாக இருக்கிறதா? இங்கே இருந்துவிட்டால் அதற்குப் பெயர் தோல்வியா? நடுக்களம் வேண்டுமா, முன் இருக்கை வேண்டுமா? இரண்டரை மணி நேரம், வாரம் மூன்று நாள், பத்து வருடம் வண்டி ஓட்டிய மனிதரிடம், 'நீங்கள் கொண்டுபோய் விட்ட இடம் வேண்டாம்' என்று எந்த வாயால் சொல்வது?

ஒன்பதாம் நம்பர் பஸ் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது டெஸ்ஸிடம் கேட்டான். "இருன்னு நீ சொல்லேன்."

"மாட்டேன்."

"ஏன்?"

"நான் சொல்லி நீ இருந்தா, தோத்துப் போற ஒவ்வொரு சனிக்கிழமையும் என் மூஞ்சியப் பாப்ப. எனக்கு ஆசை இல்லன்னு நெனச்சுக்காத." கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே சொன்னாள். "ஆனா அது உன் வாயில இருந்து வரணும். இப்ப எறங்கு, பெரியவர் சக்கர நாற்காலியோட ஏறணும்."

அடுத்த வியாழக்கிழமை ஏட்ரியன் ஃபென்விக் வந்தான். பெரிய கிளப்பில் இரவல் போன பையன்களையெல்லாம் கவனிக்கிற அதிகாரி அவன். மூன்று வருடமாக இரண்டு மாதத்துக்கொரு முறை வந்து பேசுவான், முடிவில் "கேக்கணும்னு ஏதாவது இருக்கா?" என்பான், எல்லிஸ் "இல்ல" என்பான், கை குலுக்கிவிட்டுப் போய்விடுவான். இந்தத் தடவை அப்பாவையும் வரச் சொல்லியிருந்தான்.

கேரல் முன்னறையில் தேநீரும் தண்ணீரும் வைத்துவிட்டு, கதவை முழுதாகச் சாத்தாமல் சமையற்கட்டுக்குப் போனாள்.

"அந்த வீடியோவ மேல எல்லாரும் பாத்தாங்க," என்றான் ஏட்ரியன், நோகாமல் சிரித்து. "யாருக்கும் கோவமில்ல. உனக்கு ஒரு புது இடம் வேணும், அவ்ளோதான். பெல்ஜியம். செவ்வாய்க்கிழம விமானம், ஜூன் வரைக்கும். அங்க உன்ன இடது ஓரத்துல போடலாம்னு நெனைக்கிறாங்க."

"இடது ஓரமா? அங்க அவன் ஆடினதே இல்லயே," என்றார் கிரஹாம்.

"அதான் மிஸ்டர் கார்சைடு, புது அனுபவம். உங்க பையன் எங்க போட்டாலும் ஆடுவான். எங்களுக்கு அவனால ஒரு கஷ்டமும் கெடையாது."

சொல்லிக்கொண்டே பைக்குள்ளிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் விரித்தான். கறுப்பு அட்டை, ஓரம் மடங்கிய சாதாரண நோட்டு. எல்லிஸ் அதையே பார்த்தான். பதின்மூன்று வருடமாக அவன் பயந்த நோட்டு உண்மையிலேயே இருக்கிறது. ஆளுக்கொரு பக்கம். அவன் பெயர் போட்ட பக்கம் தலைகீழாகத் தெரிந்தது. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே இரண்டே சொற்கள்தான்: தொல்லை இல்லை. அதன் கீழே, தொல்லை இல்லை. அதன் கீழேயும் அதுவே. மூன்று வருடத்தில், மூன்று ஊரில், அவனைப் பற்றி வேறு ஒரு சொல்கூட இல்லை. எந்த இடத்தில் நன்றாக ஆடினான் என்றுகூட இல்லை.

பக்கத்தில் அப்பாவும் குனிந்து அதைப் படித்துக்கொண்டிருந்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். ஸ்வெட்டர் நுனியில் வெகுநேரம் துடைத்தார்.

ஏட்ரியன் இன்றைய தேதியை எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினான். "அப்புறம், கேக்கணும்னு ஏதாவது இருக்கா?"

தெருவில் ஒன்பதாம் நம்பர் பஸ் போகும் சத்தம் கேட்டது. வழக்கமாக அந்தத் திருப்பத்தில் அடிக்கிற ஹாரனை டெஸ் இன்று அடிக்கவில்லை. எல்லிஸ் அப்பாவைப் பார்த்தான். அந்த முகத்தில் என்ன இருக்கிறது, கோபமா, வருத்தமா, அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. கிரஹாம் தன் முன்னாலிருந்த தண்ணீர் கிளாஸை மட்டும் மெதுவாக மகன் பக்கம் நகர்த்தினார்.

எல்லிஸ் அதை எடுத்து ஒரே மடக்கில் குடித்தான்.

"இருக்கு," என்றான். குரல் அவனுக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. "எனக்கு பெல்ஜியம் வேணாம். உங்க ஒப்பந்தமும் வேணாம். நான் ஹார்ல்ஸ்பியிலயே இருக்கணும், நடுவுல நின்னு ஆடணும். தயவுசெஞ்சு என்னை இங்க விட்டுடுங்க."